எடைமேடை சந்திப்பில் ஒரு ஐயா

ரோட்டில் யாராவது கை காட்டி உங்களை நிறுத்தினால் முதலில் பிரேக்கைப் பிடியுங்கள் கண்ணுங்களா. வாயைத் திறக்க அவசரமே இல்லை. கலியமூர்த்தி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார். மற்றதெல்லாம் அதனால் வந்தது.

கலியமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. பாடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். குடியிருப்பது அண்ணனூர். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மனைவி கஸ்தூரியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கஸ்தூரி அங்கே ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினாலு வருஷமாகச் சட்டைக் காலர் தைக்கிறவள். அன்று காலை பத்தரைக்கு அவளுக்கு லைன் சூப்பர்வைசர் வேலைக்கான இன்டர்வியூ. பத்தரைக்கு நாற்காலியில் இல்லாத ஆளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டோம் என்று கம்பெனியில் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு இடம். எட்டுப் பேர் போட்டி.

மொபெட் அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. இஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. லைன் சூப்பர்வைசரை அந்தக் கம்பெனியில் எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் லேத்துக்கு முன்னால் நின்ற கலியமூர்த்தியை இதுவரை ஒருவர்கூட 'சார்' என்று கூப்பிட்டதில்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"இன்னா இது, சைக்கிள்ல போறவன்லாம் நம்மள தாண்டிகினு போறான்" என்றாள் கஸ்தூரி.

"ஹெல்மெட்டு உள்ளேர்ந்து பாத்தா அப்டித்தான் தெரியும்."

எடைமேடை சந்திப்பில் ஒரு கை நீண்டது. ஆரோக்கியசாமியின் கை. அவர் ஊர்க்காவல் படை. ஊர்க்காவல் படை என்றால் போலீஸ் இல்லை, போலீஸுக்குப் பக்கத்தில் நிற்பது. காக்கிச் சட்டை உண்டு, தொப்பி உண்டு. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரி மடிப்பு மட்டும் இருக்கும். ஆனால் கர்த்தர் அவருக்கு வெள்ளை வெளேரென்று ஒரு மீசையையும், பெல்ட்டுக்கு மேலே நல்ல கனமான ஒரு வயிற்றையும் கொடுத்திருந்தார். கலியமூர்த்தி தோளைப் பார்க்கவில்லை. மீசையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வணக்கம் ஐயா. எல்லா பேப்பரும் கரெக்டா கீது ஐயா."

ஆரோக்கியசாமியின் மீசை ஒரு தரம் நடுங்கியது. பதினோரு வருஷம் அந்தச் சந்திப்பில் நின்றிருக்கிறார். லாரிக்காரர்கள் 'யோவ்' என்பார்கள். பஸ்காரர்கள் ஹாரன் மட்டும் அடிப்பார்கள். ஐயா என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அவர் லைசென்ஸை வாங்கி, கண்ணாடித் தம்ளர் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போய்ட்டு வா நைனா. மெதுவா போ" என்றார்.

அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஏட்டு முகமது இஸ்மாயில், நிழலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா ஆரோக்கியம், இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்ல சார்" என்று கலியமூர்த்தி முந்திக்கொண்டார். "ஐயா பாத்துட்டாரு. போவச் சொல்லிட்டாரு."

ஏட்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "யாரு ஐயா?"

"இவருதான்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சார்."

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். போலீஸில் 'ஐயா' என்பது கீழேயிருந்து மேலே போகிற வார்த்தை. மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி, எல்லோரும் மேலே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இஸ்மாயில் இருபத்தாறு வருஷமாக மேலே அனுப்பியவர். அவருக்குக் கீழே ஆரோக்கியசாமி ஒருவர்தான். அவரும் பழகிய தோஷத்தில் 'பாய்' என்று கூப்பிட்டுவிடுவார். 'சார்' என்பதோ வெளியாட்கள் சொல்வது. டியூஷன் வாத்தியாரும் சார், காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரும் சார்.

முன்னெல்லாம் என்றால் ஏட்டு வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு நாலு வார்த்தை கத்தியிருப்பார். ஐந்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். அந்தச் சந்திப்பில் யாரோ கத்தியதை யாரோ செல்போனில் படம் பிடித்து ஊரெல்லாம் சுற்ற விட்டபிறகு, மேலிடத்திலிருந்து 'கனிவுக் காவல்' என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் யாரும் கத்தக் கூடாது. வாகன ஓட்டியால் மனம் புண்பட்டால், 'மனத்தாங்கல் படிவம்' ஒன்றை மூன்று பிரதியில் நிரப்பி அடுத்த மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் நேரில் வந்து புண்பட்டவரைத் தேற்ற வேண்டும். தேறும்வரை, புண்படுத்தியவர் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

"அண்ணாத்தே" என்றார் ஏட்டு, ரொம்பவும் கனிவாக. "வண்டிய ஓரங்கட்டு. எனக்கு மனசு சரியில்ல."

படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். புண்படுத்திய சொல். புண்பட்ட நேரம். அழுகை வந்ததா: ஆம், இல்லை, தொண்டையோடு நின்றது. ஏட்டு மூன்றாவதை டிக் செய்தார். ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு படிவம் கிடைக்குமா என்று கேட்டார். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து எழுத அவரிடம் விஷயம் இருந்தது. ஊர்க்காவல் படையினருக்கு மனம் புண்படுவதற்கு அனுமதி இல்லை என்று ஏட்டு விளக்கினார்.

ஒன்பது நாற்பதுக்கு சப் இன்ஸ்பெக்டர் அருள்மொழி வந்தார். பரீட்சை எழுதி நேராக எஸ்.ஐ. ஆனவர். ஷூவில் முகம் தெரியும். படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, சுற்றறிக்கையில் சொல்லியிருந்தபடி ஏட்டின் இடது தோளில் மூன்று முறை தட்டிக்கொடுத்தார்.

"தேறிட்டீங்களா?"

"பத்தல ஐயா" என்றார் ஏட்டு. "ஆரோக்கியத்துக்குச் சொன்னத நீங்க கேட்டிருந்தா உங்களுக்கே தெரியும். என்னமோ சாமிகிட்ட சொல்ற மாதிரி சொன்னாரு ஐயா இவரு."

ஏட்டின் சட்டையில் மாட்டியிருந்த கேமரா, அவர் நாற்காலியில் இருந்தபோதே எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. அதை அருள்மொழி தன் போனில் போட்டுப் பார்த்தார். 'வணக்கம் ஐயா' என்று கலியமூர்த்தியின் குரல் வந்தது. மறுபடியும் போட்டார். இன்னொரு முறை போட்டார். ஒவ்வொரு முறையும் ஆரோக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"'யா' ரொம்ப நீளுது" என்றார் அருள்மொழி. அதில் ஒரு ஏக்கம் இருந்தது.

இந்த இடத்தில் கலியமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனசோடு வந்த யோசனைதான். "மன்னிச்சிக்கங்க எஸ்.ஐ. ஐயா" என்றார். "தெரியாம சொல்லிட்டேன். ஏட்டையா, நீங்களும் மனசுல வெச்சிக்காதீங்க."

ஏட்டின் முகம் மலர்ந்தது. எஸ்.ஐ.யின் முகம் வாடியது.

"அவருக்கும் ஐயா" என்றார் அருள்மொழி. "இவருக்கும் ஐயா. எனக்கும் அதே ஐயா. நான் தப்பா எடுத்துக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் ரெண்டு வருஷம் ரூமைப் பூட்டிக்கிட்டுப் படிச்சேன். பதினெட்டு லட்சம் பேர்ல ஒருத்தனா வந்தேன். எதுக்கு வந்தேன்? திருட்டைப் பிடிக்கவா? அது யார் வேணாலும் பிடிக்கலாம். நான் நடந்து வந்தா உட்கார்ந்திருக்கிறவன் எழுந்திருக்கணும். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா எனக்கும் இவருக்கும் ஒரே அளவு ஊத்தறீங்க."

"இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லட்டுங்களா?"

"கேட்டு வாங்கினா செல்லாது. சுற்றறிக்கையிலயே இருக்கு. வற்புறுத்திப் பெறப்பட்ட மரியாதை கணக்கில் கொள்ளப்பட மாட்டாது." அவர் இன்னொரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது மூக்கை உறிஞ்சினார்.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கஸ்தூரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து, போட்டியிலிருக்கும் எட்டுப் பேரில் ஒருத்தியான ஷர்மிளா, புருஷனின் காரில் அந்தப் பக்கம் போனாள். கண்ணாடியை இறக்கி, "கஸ்தூரிக்கா, எதுனா பிரச்சனையா" என்று கேட்டாள். பதில் வரும்முன் கண்ணாடி ஏறிவிட்டது. கார் எஸ்டேட் பக்கம் திரும்பியது.

"சார்" என்றாள் கஸ்தூரி எஸ்.ஐ.யிடம். "பத்தரைக்கு எனக்கு இன்டர்வியூ. என்னைய உட்டீங்கன்னா நான் ஷேர் ஆட்டோ புடிச்சிப் போய்டுவேன்."

"நீங்க சாட்சிம்மா. பதினாலாவது கட்டம் உங்களுக்குத்தான்." அருள்மொழி படித்தார். "'சம்பந்தப்பட்டவர் தம் இல்லத்தில் பிறரை எவ்வாறு அழைப்பார்?' உங்களை வீட்ல எப்படிக் கூப்பிடுவாரு?"

கஸ்தூரி புருஷனைப் பார்த்தாள். அவர் மொபெட்டின் டயரைப் பார்த்தார்.

"ஏய்னு கூப்புடுவாரு" என்றாள். "நல்ல மூடுல இருந்தா இந்தாம்மேனு."

அருள்மொழி எழுதிக்கொண்டார். "வேற?"

"வேற இன்னா. இருவத்திரெண்டு வருசம் இந்தாளுகூட குடும்பம் பண்ணிகினு கீறேன். இன்னிக்கு போன்ல போட்டுக் காமிச்சீங்களே, அந்தக் கொரலு, அத நான் இன்னிக்குத்தான் மொத தடவ கேக்கறேன். இந்தாளுக்கு அப்டி ஒரு கொரலு கீதுன்னே எனக்குத் தெரியாது. எங்க வெச்சிருந்தாரு? யாருக்குனு வெச்சிருந்தாரு?" அவள் ஆரோக்கியசாமியைத் திரும்பிப் பார்த்தாள். சக்களத்தியைப் பார்க்கிற பார்வை அது. ஆரோக்கியசாமி தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு தப்பும் செய்யாதவர் மாதிரி நின்றார்.

"ஏய், ரோட்டுல நின்னுகினு இன்னா பேச்சு" என்றார் கலியமூர்த்தி.

"கேட்டுக்கங்க சார்" என்றாள் கஸ்தூரி.

அருள்மொழி அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து ஐந்துக்கு இன்ஸ்பெக்டர் தாட்சாயிணியின் ஜீப் வந்தது. அவர் இறங்கினதும் மூன்று பேரும் விறைத்து நின்று, "அம்மா" என்றார்கள். இலாகாவில் பெண் அதிகாரி அம்மாதான். தாட்சாயிணி எஸ்.ஐ.யின் தோளில் மூன்று முறை தட்டினார். பிறகு இரண்டு படிவங்களையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. ஆளுக்கு ஒரு ஐயா வாங்கியிருக்கிறார்கள். சம்பளம் வாங்காத ஊர்க்காவல் படைக்காரர்கூட வாங்கியிருக்கிறார்.

அவர் கலியமூர்த்தியின் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கலியமூர்த்திக்கும் ஒரு நாற்காலி வந்தது. டீ வந்தது.

"பயப்படாதீங்க" என்றார் தாட்சாயிணி. "நாங்க மாறிட்டோம். முன்ன மாதிரி இல்ல. மழைக்குக் கோட்டு கொடுத்திருக்காங்க. வெயிலுக்கு மோர் கொடுக்கறாங்க. மரியாதைக்கு மட்டும் எதுவும் ஒதுக்கல. அதை ஜனங்ககிட்டயே வாங்கிக்கோன்னு விட்டுட்டாங்க. அப்ப நாங்க என்ன பண்றது? நாளைக்கு முந்நூறு வண்டியை நிறுத்தறோம். ஹெல்மெட்டுக்கா நிறுத்தறோம்? ஹெல்மெட்டு போடலைன்னா மண்டை உடையப்போறது அவனுக்கு. கண்ணாடியை இறக்கும்போது அவன் முகத்துல ஒரு நடுக்கம் வரும் பாருங்க, அதைப் பார்த்தாத்தான் எங்களுக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கும். அது வரலைன்னா கோவம் வரும். கோவப்படக் கூடாதுன்னுட்டாங்க. அதனால அழறோம். இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று கலியமூர்த்தி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லுங்க. இயல்பா."

"ஒண்ணுமில்ல மேடம்."

ஜீப் டிரைவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேடம்" என்று தாட்சாயிணி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "பேங்க்ல டோக்கன் கொடுக்கிற பொண்ணும் மேடம். சரி, பரவால்ல. நான் காத்திருக்கேன். தானா வரட்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஏட்டு ஒரு பக்கம், எஸ்.ஐ. ஒரு பக்கம். கலியமூர்த்தி முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 'அ' வரைக்கும் வந்தது. அடுத்த 'ம்'முக்கு உதடு ஒட்டவில்லை. சிக்னல் ஐந்து தரம் பச்சையாகி ஐந்து தரம் சிவப்பானது.

பத்து பன்னிரண்டு. கஸ்தூரி முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். என்னால யாருக்குனா மனசு புண்பட்டுதா?"

தாட்சாயிணி யோசித்தார். "இல்ல. உங்ககிட்ட நாங்க எதுவும் எதிர்பார்க்கல."

"அப்ப நான் போலாமா? இந்தாளுக்கு மரியாதை வர வரைக்கும் நான் நின்னுகினு இருந்தா, எனக்கு ரிட்டையர்மென்ட்டே வந்துரும்."

இன்ஸ்பெக்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. படிவத்தைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் அதற்கும் வழி இருந்தது. 'சாட்சி தொடர்ந்து இருப்பது அவசியமா? ஆம் / இல்லை.' புண்படுத்தியவரே டிக் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தார்கள்.

அருள்மொழி பேனாவைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தார்.

இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுங்களா, இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேனா கையில் வந்ததும் கலியமூர்த்தி உடனே டிக் செய்யவில்லை. 'ஆம்' என்பது பக்கத்தில்தான் இருந்தது. அதில் ஒரு கோடு போட்டால் போதும். அவர் யாரையும் தடுத்ததாக ஆகாது. அரசாங்கப் படிவம் தடுத்ததாகத்தான் ஆகும். சாயங்காலம் கஸ்தூரி கஸ்தூரியாகவே வீட்டுக்கு வருவாள். அவளை யாரும் மேடம் என்று கூப்பிட மாட்டார்கள். ஒரே சமையலறையில், ஒரே தட்டில், ஒரே மாதிரி இரண்டு பேர். அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் மூன்று பேரும், அடுத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எட்டிப் பார்க்கிற முகத்தோடு இருந்தார்கள். காலையில் சவரம் செய்தபோது கண்ணாடியில் பார்த்த முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்று அவருக்கு அப்போது உறைத்தது.

கஸ்தூரி கெஞ்சவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் 'இல்லை'யில் டிக் செய்தார். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தமாகச் செய்தார்.

கஸ்தூரி ரோட்டுக்கு நடந்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு வந்தது, நிற்கிற உத்தேசம் அதற்கு இல்லை. அவள் நேராக நடு ரோட்டில் போய் ஒரு கையைத் தூக்கினாள். ஆட்டோ நின்றது. அதன் பின்னால் மாநகரப் பேருந்து நின்றது. அதன் பின்னால் இரும்பு ஏற்றிய லாரி நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. விசில் இல்லாமல், தடுப்பு இல்லாமல் அந்தச் சந்திப்பு அப்படி நின்றதை ஆரோக்கியசாமி பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

அவள் ஏறி உட்கார்ந்ததும் கலியமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரும் எழச் சொல்லவில்லை. ரோட்டோரம் வரைக்கும் போனார். இரண்டு கையும் தானாகவே முன்னால் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"பாத்துப் போங்கம்மா" என்றார். "தைரியமா பேசுங்கம்மா."

கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். யாரைச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்த பெண்ணையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆட்டோ போய்விட்டது.

பழைய 'ஐயா'வை இன்னொரு முறை போடப்போன எஸ்.ஐ.யின் விரல் போனின் மேலேயே நின்றுவிட்டது. ஆரோக்கியசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் தனக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா ரேங்க்கு அவங்க?" என்று கேட்டார் ஏட்டு, கடைசியில்.

"காலரு தைக்கிறாங்க."

"காலர்" என்றார் அருள்மொழி. "அதுக்கு ஏதாவது பரீட்சை உண்டா?"

"இல்லீங்க. பழக்கந்தான்."

கலியமூர்த்தி நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லோரும் ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து இருபத்தேழுக்கு அவருடைய போன் அடித்தது. காது மந்தமாக இருந்ததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போட்டுப் பேசுவார்.

"உக்காந்துட்டேன்" என்றது கஸ்தூரியின் குரல், கிசுகிசுவென்று. "மொத நாற்காலி. ஷர்மிளா மூஞ்சப் பாக்கணுமே நீங்க. கூப்புடறாங்க, வெக்கிறேன்."

"சரிங்கம்மா" என்றார் கலியமூர்த்தி, அணைந்துவிட்ட போனிடம்.

இன்ஸ்பெக்டர் தாட்சாயிணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எஸ்டேட் பக்கம் போகிற ரோட்டையே பார்த்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்ற மூன்று பேருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்தக் கம்பெனியில இன்னும் ஆள் எடுக்கறாங்களா?"

மற்ற மூன்று பேரும் கிட்டே வந்து நின்றார்கள்.